மாத்தளை மிளகு தூத்துக்குடி போய்ச் சேர: இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்ய நினைக்கும் இலங்கையருக்கு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஏற்றிய கொள்கலன் தூத்துக்குடிக்குப் போக ஒரு நாள் போதும். அதே கொள்கலன் அந்தத் துறைமுகத்தை விட்டு வெளியே வர மூன்று வாரம் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அங்கிருந்த கிளியரிங் ஏஜென்ட் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணே, மிளகு தங்கமா இருக்கு. உங்க பேப்பர்தான் பித்தளை."

இந்த வழிகாட்டி அந்தப் பித்தளையைப் பற்றியது. வாசனைத் திரவியம், பொதி செய்த உணவு, சிறு ஆலைப் பொருட்கள் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு "பக்கத்தில் இவ்வளவு பெரிய சந்தை இருக்கிறதே" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய கம்பனிகளுக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. 2 கோடியே 20 இலட்சம் பேர் உள்ள நாடு, 140 கோடி பேர் உள்ள நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது 1998 டிசம்பர் 28இல். சந்திரிகாவும் வாஜ்பாயும் புதுடில்லியில் கையெழுத்திட்டார்கள். நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச் 1. சிறிய நாடு என்பதால் நமக்குக் கொஞ்சம் தாராளம் காட்டப்பட்டது: இந்தியா அன்றே 1,351 பொருட்களுக்கு வரியை நீக்கி, மீதியை மூன்று ஆண்டுகளில் இறக்கியது, நமக்கு எட்டு ஆண்டு தவணை கிடைத்தது. 2000இல் இந்தியாவுக்கான நமது ஏற்றுமதி சுமார் 6 கோடி டொலர்தான். 2005இல் அது 50 கோடியைத் தாண்டியது. அந்தப் பாய்ச்சலில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊதல் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தியாவுக்குப் போகும் நமது பொருட்களில் பாதிக்கும் மேல் இன்றும் இந்த ஒப்பந்தத்தின் சலுகையில்தான் போகின்றன. அங்கிருந்து வருபவற்றில் மிகச் சிறு பங்குதான் அதைப் பயன்படுத்துகிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு. வரிச் சலுகை உங்களுக்குரியது அல்ல. அதைக் கேட்டு வாங்குகிறவர் இந்தியாவில் இருக்கும் இறக்குமதியாளர். சுங்கம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும், தவறென்றால் வரியும் தண்டமும் கட்டுகிறவரும் அவர்தான். ஆகவே நீங்கள் அவருக்கு மிளகை மட்டும் விற்கவில்லை. பயமில்லாமல் அந்தச் சலுகையைக் கேட்பதற்கான ஆதாரத்தையும் சேர்த்து விற்கிறீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

படி 1: பொருளின் எண்ணையும், அந்தப் பொருளுக்கு அங்கே இருக்கும் எதிரியையும் கண்டுபிடியுங்கள்

எண் என்றால் எச்.எஸ். கோட், சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் ஒன்று. அரைக்காத மிளகு 0904.11, அரைத்தது 0904.12. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியப் பட்டியலில் இளமிளகுக்கு, நமது வியாபாரிகள் 'லைட் பெரி' என்பதற்கு, தனி எண்ணே உண்டு. உங்கள் இன்வொய்ஸில் ஒரு எண்ணும் அங்கே தாக்கலாகும் பத்திரத்தில் வேறு எண்ணும் இருந்தால் சரக்கு அங்கேயே நிற்கும். வாங்குபவரிடம் "உங்கள் பக்கம் எட்டு இலக்க எண் என்ன போடுவீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு எதிர்மறைப் பட்டியலைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இந்தியா 429 பொருட்களுக்குச் சலுகை இல்லை என்று ஒதுக்கி வைத்தது. உடைகள், பிளாஸ்டிக், இறப்பர் பொருட்களில் பல அதில் அடக்கம். சில பொருட்களுக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கும்: கோட்டா. உடைகளுக்கு ஆண்டுக்கு 80 இலட்சம் உருப்படி, தேயிலைக்கு 1.5 கோடி கிலோ, மிளகுக்கு 2,500 தொன், தேங்காய்த் துருவலுக்கு 500 தொன். கோட்டா இருப்பதாலேயே சந்தை இருப்பதாக நினைக்க வேண்டாம். தேயிலைக் கோட்டா பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அசாமும் நீலகிரியும் இருக்கும் நாட்டுக்கு நாம் தேயிலை கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை.

எதிரி என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் உங்கள் பொருளை விளைவிப்பவர் யார், எங்கே இருக்கிறார், அவருக்கு எவ்வளவு குரல் உண்டு? இதைப் பார்க்காமல் இறங்கியவர்கள் பட்ட பாடு நமது வர்த்தக வரலாற்றிலேயே இருக்கிறது.

2000க்குப் பிறகு இங்கே வனஸ்பதி ஆலைகள் மழைக்காளான் போல முளைத்தன. காரணம் எளிது. பாம் எண்ணெய்க்கு இந்தியாவில் கனத்த வரி. இங்கே அவ்வளவு இல்லை. மலேசிய எண்ணெயை இங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். முதலீட்டாளர்களில் பலர் இந்தியர்களே. செப்பும் அதே பாதையில் போனது. ஒரு கட்டத்தில் இந்தியாவுக்கான நமது ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி இவை இரண்டும்தான். அங்குள்ள ஆலைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 தொன் என்று வரம்பு வந்தது, அதையும் அரச நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்கலாம் என்றார்கள். அதன்பின் இங்கிருந்த ஆலைகள் மூடப்பட்டன. நான் முன்னர் சொன்ன ஊதல் இதுதான். ஒப்பந்தத்தின் ஓட்டையில் பிறந்த வியாபாரத்துக்கு அந்த ஓட்டை அடைபடும் வரைதான் ஆயுள்.

மிளகின் கதை வேறு; இது நமது தோட்டத்திலேயே விளைவது. ஆனாலும் அடி விழுந்தது. கேரளத்திலும் குடகிலும் விலை சரிந்தபோது, 2017 டிசம்பரில் இந்தியா ஒரு கிலோ மிளகுக்கு 500 இந்திய ரூபா குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று அறிவித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதி செய்யவே தடை. வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக இலங்கை மிளகு என்ற பெயரில் நுழைகிறது என்பது அங்குள்ள விவசாயிகளின் குற்றச்சாட்டு. அது முழுப் பொய்யும் அல்ல. நமது அரசாங்கமே மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதை நிறுத்த வேண்டிய நிலை வந்தது. யாரோ சிலர் செய்த கெட்டித்தனத்துக்கு மாத்தளையிலும் கேகாலையிலும் வீட்டுத் தோட்டத்தில் பத்துக் கொடி வைத்திருந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

ஆகவே என் கருத்து: முதல் தடவை இறங்குகிறவர், இந்தியாவில் பெரிதாக விளையாத, ஆனால் இந்தியா நிறையத் தின்னும் பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கராம்பு அப்படிப்பட்டது. அங்கே கிராம்பு என்பார்கள். மசாலாவுக்கும் பற்பசைக்கும் அவர்களுக்கு வேண்டிய அளவில் சிறு பங்குதான் சொந்த விளைச்சல். கறுவாவை நம்பி இறங்க வேண்டாம். அங்கே பட்டை என்ற பெயரில் பிரியாணிக்குப் போவது பெரும்பாலும் கசியா என்ற மலிவான வேறு வகை. நமது கறுவாவின் விலையை வைத்து அதனோடு போட்டி போட முடியாது.

படி 2: கணக்குப் போடுங்கள், மூன்று ஒப்பந்தத்துக்கும்

இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் மூன்று வர்த்தக ஏற்பாடுகளில் இருக்கின்றன: இருதரப்பு ஒப்பந்தம், தெற்காசிய நாடுகளின் சாப்டா, ஆசிய–பசுபிக் ஒப்பந்தமான ஆப்டா. ஒரே பொருளுக்கு மூன்றிலும் மூன்று வீதம் இருக்கலாம். மிளகை எடுத்துக்கொண்டால், சலுகை இல்லாமல் போனால் அடிப்படை வரி 70 வீதம். இருதரப்பு ஒப்பந்தத்தில் கோட்டாவுக்குள் சுழியம். கோட்டா தீர்ந்துவிட்டால் சாப்டா வழியில் 8 வீதம் கட்டிப் போன காலம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ்ப் படிவம் வேறு, எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிக்கும் மூல விதியும் வேறு. கப்பலுக்குப் போவதற்கு முன், அன்றைய வீதத்தை வாங்குபவரின் ஏஜென்டிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இந்திய நிதி அமைச்சு வீதங்களை மாற்ற பெப்ரவரி வரவு செலவுத் திட்டம் வரை காத்திருப்பதில்லை.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தூத்துக்குடியில் போய் நிற்கும் விலை, அதாவது சி.ஐ.எஃப்., ஒரு இலட்சம் இந்திய ரூபா என்று வைப்போம். அடிப்படை வரி 30 வீதம், இறக்குமதிப் பொருள் மீதான இந்திய விற்பனை வரியான ஐ.ஜி.எஸ்.டி. 5 வீதம் என்றும் வைப்போம். சலுகை இல்லையென்றால்:

அடிப்படை வரி 30,000
அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 வீதம், 3,000
இவை எல்லாம் சேர்ந்த 1,33,000 மீது ஐ.ஜி.எஸ்.டி. 6,650
மொத்தம் 39,650

சலுகையோடு போனால் அடிப்படை வரி இல்லை, அதைத் தொற்றிக்கொண்டிருக்கும் கூடுதல் வரியும் இல்லை. 5,000 ரூபா ஐ.ஜி.எஸ்.டி. மட்டும் இருக்கும். "வரி சுழியம் என்றார்கள், பிறகு ஏன் வரி கேட்கிறான்?" என்று சண்டை பிடிப்பவர்களுக்கு இதுதான் பதில். துறைமுகத்தில் கட்டும் தொகையில் வித்தியாசம் 34,650 ரூபா. ஐ.ஜி.எஸ்.டி.யை இறக்குமதியாளர் இரண்டு விதத்திலும் தன் கணக்கில் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆக உண்மையான வித்தியாசம் 33,000 ரூபா. விலை பேசும் மேசையில் இந்தத் தொகைதான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது. அதை முழுவதும் அவர் எடுத்துக்கொள்ள விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு விலக்கு. கொச்சிப் பக்கத்தில் மிளகிலிருந்து ஒலியோரெசின் என்ற காரச் சாறு எடுக்கும் ஆலைகள் நமது இளமிளகை விரும்பி வாங்குகின்றன. காரம் தரும் பைப்பரின் அதில் கூட. ஆனால் அந்த ஆலைகள் செய்வதை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவை. மறு ஏற்றுமதிக்கான அனுமதியில் வரியில்லாமல் இறக்கும் ஆலைக்கு உங்கள் சான்றிதழால் ஒரு சதமும் மிச்சமில்லை. அவரிடம் சலுகையைக் காட்டி விலை கேட்க முடியாது. பைப்பரின் அளவைக் காட்டித்தான் கேட்க வேண்டும். வாங்குபவர் எந்த ஏற்பாட்டில் இறக்குகிறார் என்பதை விலை சொல்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 3: உங்கள் பொருள் 'இலங்கைப் பொருள்' தானா?

தோட்டத்தில் விளைந்தது என்றால் கேள்வி சுலபம். முழுவதும் இங்கே பெறப்பட்டது. ஆனால் ஆதாரம் வேண்டும். யாரிடம், எந்த ஊரில், எந்தத் திகதியில், எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்ற பற்றுச்சீட்டுகளை அடுக்கி வையுங்கள். சந்தையில் மூட்டை மூட்டையாக வாங்கிச் சேர்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதில் சீட்டுக் கிடைக்காது. சீட்டில்லாத மிளகு எந்த நாட்டு மிளகு என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இராது.

ஆலைப் பொருள் என்றால் மூன்று சோதனை. வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் பெறுமதி, எஃப்.ஓ.பி. விலையில், அதாவது இங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், 65 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது உள்ளூரில் சேர்ந்த பெறுமதி குறைந்தது 35 வீதம். மூலப்பொருளின் எச்.எஸ். எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் முதல் நான்கு இலக்கத்தில் வேறுபட வேண்டும். வெறுமனே பொதி செய்தல், கலத்தல், தரம் பிரித்தல் போன்றவை உற்பத்தியாகக் கொள்ளப்படமாட்டா.

இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால் ஒரு கை தூக்கிவிடுதல் உண்டு. எஃப்.ஓ.பி. விலை 100 டொலர், வெளி மூலப்பொருள் 70 டொலர் என்றால் உள்ளூர்ப் பெறுமதி 30, தோல்வி. ஆனால் அந்த 70இல் 15 டொலர் இந்தியாவிலிருந்து வாங்கியது என்றால் கதை மாறும். இலங்கையில் சேர்ந்த பெறுமதி குறைந்தது 25, அதோடு இந்தியப் பொருளின் பங்கும் சேர்ந்து குறைந்தது 35 என்பதே விதி. உங்களிடம் 30ம் 15ம் இருக்கிறது, தேறிவிட்டீர்கள். மலேசியாவிலிருந்து வாங்கும் பொதிப்பொருளைச் சென்னையிலிருந்து வாங்கினால் விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்ற முடிவுக்கு இந்தக் கணக்கு சிலரைக் கொண்டுவந்திருக்கிறது.

மூலச் சான்றிதழை, வியாபாரிகள் 'சி.ஓ.' என்பதை, இங்கே தருவது வர்த்தகத் திணைக்களம். வர்த்தக சம்மேளனங்கள் தரும் சாதாரண சி.ஓ. வேறு, இது வேறு. அதைக் கொண்டுபோய் இந்தியாவில் வரிச் சலுகை கேட்க முடியாது. ஆலைப் பொருளுக்கு முதலில் செலவுக் கணக்கைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கணக்கை உங்கள் கணக்காளரை வைத்துச் செய்யுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். ஏன் என்பது அடுத்த பந்தியில்.

2020 செப்டெம்பர் 21 முதல் இந்தியாவில் 'கரோட்டார்' என்று ஏஜென்டுகள் அழைக்கும் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் சான்றிதழை நீட்டினால் போதும். இப்போது, பொருள் எப்படி அந்த நாட்டில் உருவானது, எத்தனை வீதம் பெறுமதி சேர்ந்தது, எந்த விதியின் கீழ் தேறியது என்ற விபரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று படிவம் I இருக்கிறது. சுங்கம் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். சந்தேகம் வந்தால் இந்தியச் சுங்கம் நமது வர்த்தகத் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்கும். பதில் வரும் வரை சலுகை நிறுத்தி வைக்கப்படலாம், இறக்குமதியாளர் பிணை கட்டிச் சரக்கை எடுக்க வேண்டியும் வரலாம்.

இதைக் கேட்டவுடன் நம்மவர்கள் செய்வது, "என் செலவுக் கணக்கை வாங்குகிறவனுக்குக் காட்டினால் என் இலாபம் தெரிந்துவிடுமே" என்று ஒளிப்பது. நியாயமான பயம்தான். ஒரு வழி இருக்கிறது: இறக்குமதியாளருக்கு வீதங்களை மட்டும் காட்டும் சுருக்கத்தைக் கொடுங்கள், முழுக் கணக்கு வர்த்தகத் திணைக்களத்தில் இருக்கிறது, சுங்கம் கேட்டால் அங்கிருந்து போகும் என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் சுருக்கத்தையாவது கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு தாளை முதல் மின்னஞ்சலிலேயே இணைத்து அனுப்புகிற இலங்கை ஏற்றுமதியாளர் மிகச் சிலர். வாங்குபவர் உங்களை நினைவில் வைத்திருக்க அதுவே போதும்.

படி 4: இங்கே செய்ய வேண்டிய பதிவுகள்

இது நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. வியாபாரப் பதிவு, வரி அடையாள இலக்கம், தேவையெனில் வற் பதிவு, சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு, கொழும்பு நவம் மாவத்தையில் உள்ள ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவு. ஏற்றும்போது சுங்கப் பிரகடனத்தை, 'கஸ்டெக்' என்று வழக்கில் சொல்வதை, சுங்க வேலையைப் பார்த்துக் கொடுக்கும் உங்கள் வார்ஃப் கிளார்க் கணினியில் போடுவார். நல்ல வார்ஃப் கிளார்க்கைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் செலவழியுங்கள். அது வீண் போகாது.

படி 5: வாங்குபவரைத் தேடுதல், சோதித்தல்

இந்தியா ஒரே சந்தை அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள். சரக்கை அனுப்பும்போது மறந்துவிடுவார்கள். மொத்த வாசனைத் திரவிய வியாபாரம் கொச்சி, மும்பை, டில்லி காரி பாவுலி, குஜராத்தின் உஞ்சா என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு ஊரில் குவிந்திருக்கிறது. பிஸ்கற், ஜாம் போன்ற பொதி உணவு என்றால் ஒரு மாநிலத்தில், ஏன் ஒரு நகரத்தில் தொடங்குவதே புத்தி.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் நமக்கு மொழி கைகொடுக்கும். பேச்சு சுமுகமாகப் போகும், "நம்ம ஆளுங்க" என்பார்கள், சாப்பாடு போடுவார்கள். அந்தச் சுமுகத்தில் கடன் கொடுத்துவிட்டு ஆறு மாதம் தொலைபேசி எடுக்காதவரைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. மொழி பேரத்துக்கு உதவும். கடனுக்குப் பிணை நிற்காது.

சோதிக்க இரண்டு எளிய வழி. இந்தியாவில் இறக்குமதி செய்கிற எவருக்கும் ஐ.ஈ.சி. என்ற இலக்கம் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. இலக்கமும் இருக்கும். ஜி.எஸ்.டி. இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், எப்போது பதிவு, இன்னும் உயிரோடு இருக்கிறதா, கணக்குத் தாக்கல் செய்கிறதா என்பதெல்லாம் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இலக்கம் தரத் தயங்குகிறவரோடு மேலே பேசத் தேவையில்லை. உணவென்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் இறக்குமதி உரிமமும் அவரிடம் இருக்க வேண்டும்.

சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்திலும் மும்பைத் துணைத் தூதரகத்திலும் கேட்டுப் பாருங்கள். ஏற்றுமதி அபிவிருத்திச் சபை ஒழுங்கு செய்யும் கொள்வனவாளர் சந்திப்புகளில் முதல் தடவை போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பயன்தான். மற்றவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள்.

படி 6: வரிக்கு அப்பால் நிற்கும் வாசல்கள்

வரி சுழியமாகிவிட்ட பிறகு தடைகள் இந்த வாசல்களில்தான் நிற்கின்றன.

தாவரப் பொருள் என்றால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இங்கே தருவது கட்டுநாயக்கவில் இருக்கும் தேசிய தாவரத் தொற்றுநீக்கச் சேவை. இந்தியா எந்தப் பூச்சிக்கு எந்தப் புகையூட்டல் கேட்கிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சில பொருட்களுக்கு இறக்குமதியாளர் முன்கூட்டியே அனுமதி எடுத்திருக்க வேண்டும். மரப் பலகை, மரப் பெட்டி எதுவானாலும் வெப்பமூட்டியோ புகையூட்டியோ பதப்படுத்தியதற்கான முத்திரை இருக்க வேண்டும். பலகையில் முத்திரை இல்லாததற்காக உள்ளே இருந்த நல்ல சரக்கு நின்றது உண்டு.

உணவு என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதிகாரிகள் பத்திரம் பார்ப்பார்கள், கொள்கலனைத் திறந்து பார்ப்பார்கள், தேவையென்றால் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வில் விழுந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். ஆகவே அனுப்புவதற்கு முன் இங்கேயே அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் இந்திய அளவுகோலுக்குச் சோதியுங்கள். மிளகு பளபளக்கக் கனிம எண்ணெய் பூசுகிற வேலை எங்கேயும் தவறு; இந்தியாவில் அது நேராகத் தோல்வி. இன்னொன்று: பொதியில் போட்ட ஆயுட்காலத்தில் குறைந்தது 60 வீதமோ, காலாவதிக்கு முந்திய மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மிச்சம் இருக்க வேண்டும். களஞ்சியத்தில் தேங்கியதை இந்தியாவுக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழும் சிங்களமும் கூடவே இருக்கலாம், தனியாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் விற்கப்போகும் பொருளுக்கு இலங்கையில் அச்சடித்த தமிழ் லேபிள் போதாது என்பது வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படி. இறக்குமதியாளரின் பெயர் விலாசம், அவரது உரிம இலக்கம், சைவ–அசைவக் குறி போன்றவற்றை அங்கே சுங்கக் களஞ்சியத்தில் வைத்து ஒட்டுவதற்கு அனுமதி உண்டு. சேர்மானப் பட்டியல், தொகுதி இலக்கம், திகதி போன்றவை பிழைத்தால் ஒட்டித் தப்ப முடியாது. லேபிளின் வரைவை அச்சுக்குப் போகும் முன் வாங்குபவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

பால் பொருள், இறைச்சி, முட்டைத்தூள், குழந்தை உணவு, ஊட்டச்சத்துப் பொருட்கள் செய்கிறவர்கள் இப்போது தங்கள் ஆலையையே இந்தியாவில் பதிவு செய்திருக்க வேண்டும். விளையாட்டுப் பொருள், காலணி, தயர் போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதற்கு இந்தியத் தர நிலையப் பரிசோதகர் உங்கள் ஆலைக்கே வருவார், செலவு உங்களுடையது. சின்ன ஆலைக்கு அந்தச் செலவு கட்டுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். பல நேரம் கட்டாது.

படி 7: விலையும் பணமும்

முதல் இரண்டு மூன்று தடவை முற்பணம் பாதி, மீதி பத்திரங்களைக் காட்டிப் பெறுவது என்று பேசுங்கள். வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கும் எல்.சி. திறந்தால் நல்லது, சிறு தொகைக்கு வங்கிக் கட்டணம் கடிக்கும். எல்.சி. என்றால் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது: அதில் 'கறுப்பு மிளகு' என்றிருந்தால் இன்வொய்ஸிலும் அப்படியே. கடனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. 1970களின் கடைசியிலிருந்தே இயங்கும் அரச நிறுவனம், சிறியவர்கள் ஏனோ அந்தப் பக்கம் போவதில்லை.

டொலருக்குப் பதில் இந்திய ரூபாவில் பேசலாமா? 2022 யூலையில் இந்திய ரிசர்வ் வங்கி ரூபாவில் வெளிநாட்டு வர்த்தகம் தீர்க்க வழி திறந்தது. இங்கே டொலர் வறண்டிருந்த ஆண்டு அது. வங்கிகள் அதற்கான கணக்குகளை வைத்திருக்கின்றன. இந்தியாவிலிருந்து மூலப்பொருளும் வாங்குகிறவருக்கு அது வசதி. வந்த ரூபாவை அங்கேயே செலவழிக்கலாம். மற்றவர்கள் டொலரோடு இருப்பதே நல்லது என்பேன். எதுவானாலும் ஏற்றுமதிப் பணம் 180 நாட்களுக்குள் நாட்டுக்கு வர வேண்டும் என்பது மத்திய வங்கி வைத்த விதி. இவை அடிக்கடி திருத்தப்படுவதால் வங்கியில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லி வாங்குபவர் கேட்கலாம், மிளகென்றால் 500 ரூபா வாசலைத் தாண்டக் கூட்டிக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். இரண்டுக்கும் மறுத்துவிடுங்கள். மாட்டினால் அவர் ஊரில் அவருக்கு வக்கீல் இருப்பார். உங்கள் பெயரில் அடுத்த கொள்கலன் எல்லாம் சுங்கத்தின் முழுச் சோதனைக்கான சிவப்புக் கோட்டில் நிற்கும்.

படி 8: கப்பல்

தென்னிந்தியாவுக்குத் தூத்துக்குடி, சென்னை, கொச்சி. மேற்குக்கும் வடக்குக்கும் மும்பைப் பக்கத்து நவா சேவா, குஜராத்தின் முந்த்ரா. டில்லிக்குப் போகும் சரக்கைத் தூத்துக்குடியில் இறக்கினால் கடலில் மிச்சம் பிடித்ததை லொறிக்குக் கொடுப்பீர்கள். முழுக் கொள்கலன் நிரம்பாதவர்கள் பலர் சேர்ந்து ஏற்றும் எல்.சி.எல். சேவையைப் பாருங்கள், ஆனால் கூட ஏற்றியவரின் பத்திரம் பிழைத்தால் உங்கள் சரக்கும் காத்திருக்கும்.

1906இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கிக் கப்பல் விட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்புப் பாதையில்தான். நூற்றிருபது ஆண்டுக்குப் பிறகும் வடக்கில் இருப்பவர் நிலை விசித்திரம்: யாழ்ப்பாணத்திலிருந்து நாகபட்டினம் கூப்பிடு தூரம், காங்கேசன்துறையிலிருந்து பயணிகள் படகும் ஓடுகிறது, ஆனால் ஒரு கொள்கலன் அனுப்ப வேண்டுமென்றால் கொழும்புக்கு லொறி ஏற்ற வேண்டும். அந்தத் துறைமுகத்தைச் சீர்செய்ய இந்தியா 61.5 மில்லியன் டொலர் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அது நடந்து முடியும் வரை வடக்கில் இருப்பவர்கள் விலையில் உள்ளூர் லொறிக் கூலியைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

கப்பல் புறப்படும் முன், எல்லாப் பத்திரங்களின் நகலையும் வாங்குபவரின் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "பார்த்தேன், சரி" என்று பதில் வாங்கிய பிறகுதான் அசலை அச்சிடுங்கள். இன்வொய்ஸ், பொதிப் பட்டியல், கப்பல் கம்பனி தரும் பி.எல்., சி.ஓ., தாவர நலச் சான்றிதழ், ஆய்வறிக்கை: இவற்றில் நிறை, மூட்டை எண்ணிக்கை, பொருளின் பெயர், எச்.எஸ். எண் நான்கும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சி.ஓ.வில் கையால் திருத்தாதீர்கள். திணைக்களத்தின் ஒப்பமில்லாத திருத்தம் இருந்தால் அங்கே விசாரணை இல்லாமலே சலுகையை மறுக்கலாம். தொடக்கத்தில் சொன்ன மூன்று வார மிளகு நின்றது இதனால்தான்: பொதிப் பட்டியலில் 240 மூட்டை, சி.ஓ.வில் 204. பேனாவால் திருத்திப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். திருத்தியது ஏற்றுமதியாளரின் அலுவலகப் பையன்.

படி 9: சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு

கோப்பை மூடிவிட வேண்டாம். சரிபார்ப்புக் கடிதம் ஓராண்டு கழித்தும் வரலாம். வர்த்தகத் திணைக்களம் உங்களிடம் விளக்கம் கேட்கும்போது, அந்தக் குறிப்பிட்ட கொள்கலனுக்கான கொள்வனவுச் சீட்டு, ஆலைப் பதிவேடு, மூலப்பொருள் இறக்குமதிப் பத்திரம் எல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும். அங்கே இறக்குமதியாளர் ஐந்து ஆண்டு வைத்திருக்கிறார். நீங்களும் அவ்வளவு காலம் வையுங்கள். உறையின் மேல் பி.எல். இலக்கத்தையும் திகதியையும் எழுதுங்கள். மழைக்காலத்தில் கறையான் தொடாத இடமாகப் பாருங்கள். ஸ்கேன் செய்து இன்னொரு பிரதியும் வையுங்கள்.

ஒப்பந்தம் எங்கே போகிறது என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்த பெரிய ஒப்பந்தம் ஒன்று 2008இல் கையெழுத்தாகும் என்றிருந்து, இங்குள்ள வர்த்தகர்களின் எதிர்ப்பில் நின்றுபோனது. எட்கா என்ற பெயரில் 2016இல் மீண்டும் தொடங்கிய பேச்சு இடையில் ஓய்ந்து, 2023 ஒக்டோபரில் மறுபடி எழுந்தது. கோட்டாவும் எதிர்மறைப் பட்டியலும் மாறுவதானால் அங்கேதான் மாறும். உங்கள் பொருளின் பெயரைச் சொல்லி, எவ்வளவு அனுப்பினோம், எந்த வாசலில் எத்தனை நாள் நின்றது என்று வர்த்தகத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதி வையுங்கள்.